பக்கவரிசை

அந்தக் கோப்பின் பெயர் ‘கதவு’. துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டில் அது ஓர் அத்தியாயம். பாதியில் நின்றுபோன இயந்திரத்தின் கதவு திறக்காவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது. அதை மட்டும் நான் தொடவில்லை. மற்ற அத்தியாயங்களை எழுதி முடித்தேன். முடித்தவற்றைத் திருத்தினேன், திருத்தியதை மறுபடி பழையபடியே மாற்றினேன். நடுவில் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயை இறுக்கி மூடிவிட்டு வருவேன். குழாய் மூடித்தான் இருக்கும்.

நானும் என் கணவரும் வீட்டிலிருந்தே கையேடுகள் எழுதிக்கொண்டிருந்தோம். இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, நீர் சூடாக்கி, எடை பார்க்கும் கருவி என்று எது வந்தாலும் எழுதுவோம். “நாலு பேர் படிக்கிறதை எழுதறவங்க எழுத்தாளர். நாலு லட்சம் பேர் படிக்காம அட்டைப்பெட்டியோட தூக்கிப் போடறதை எழுதறவங்க நாம,” என்பார். நிறுவனம் ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி இயந்திரத்தை அனுப்பிவைக்கும். இந்த முறை வந்தது குளியலறைக்குள் நுழையவில்லை. அதனால் கூடத்தில், புத்தக அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நிறுத்தி, அதன் குழாயைச் சமையலறைத் தொட்டி வரை இழுத்துவிட்டிருந்தோம். வீட்டுக்கு வருகிற எல்லோரும் ஒரு தடவையாவது அந்தக் குழாயில் தடுக்கிக்கொள்வார்கள்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதிய எந்த வாக்கியத்தையும் செய்து பார்க்காமல் அனுப்ப மாட்டோம். ஒருவர் படிப்பார். மற்றவர் இயந்திரத்தின் முன்னால் நின்று படித்ததை மட்டும் செய்வார். தனக்குத் தெரிந்தது எதையும் சேர்க்கக் கூடாது. அப்படி நிற்பவருக்கு எங்கள் வீட்டில் ‘முட்டாள்’ என்று பெயர். காலையில் பல் துலக்கியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “இன்னைக்கு யாரு முட்டாள்?” ஒருமுறை நான், “சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடிக்கவும்” என்று படித்துவிட்டு, வாசலில் வந்த தபால்காரரிடம் பேசப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மனிதர் விரல் வெளுத்துப்போய் நின்றுகொண்டிருக்கிறார். “விடச் சொல்லி இன்னும் படிக்கலையே,” என்றார். அன்று எழுதிய ‘விளக்கு எரிந்ததும் விரலை எடுக்கவும்’ என்ற வாக்கியம் அதற்குப் பிறகு எங்கள் எல்லாக் கையேடுகளிலும் உண்டு.

நாங்கள் எழுதுகிற எடிட்டர் மென்பொருள் பார்க்க ஒன்றுமே இல்லாதது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. இரண்டு கணினியிலும் அதுவேதான், கோப்புகளும் பொதுவானவை. எந்தப் பெயரையும் முழுதாகத் தட்ட வேண்டாம். முதல் இரண்டு எழுத்தைத் தட்டினால் பொருந்துகிற பெயர்களெல்லாம் ஒரு பட்டியலாக விரியும். ஒவ்வொரு பெயருக்கும் வலப்பக்கத்தில், சாம்பல் நிறத்தில், அந்தக் கோப்பைக் கடைசியாகச் சேமித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று இருக்கும். வாங்கியபோது அங்கே வெறும் எண்கள்தான் இருந்தன. அவருக்கு அது சகிக்கவில்லை. “என்ன இது, பால் பாக்கெட் மாதிரி தேதி போட்டுக்கிட்டு?” என்றவர், ஒரு வார விடுமுறை முழுக்கச் சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து எண்களை வார்த்தைகளாக மாற்றிவிட்டார். அந்த வரிசைக்குப் பக்கவரிசை என்று பெயரும் வைத்தார்.

ஒரு மணி நேரத்துக்குள் சேமித்திருந்தால் ‘இப்பதான்’ என்று வரும். அன்றைக்குள் என்றால் ‘சூடு ஆறல’. அப்புறம் ‘நேத்து’. ஒரு வாரம் வரை ‘பாத்துக்கலாம்’. ஒரு மாதம் வரை ‘கொஞ்ச நாளாச்சு’. அதற்கு மேல் ‘என்னதான் ஆச்சு?’. மூன்று மாதம் தாண்டிவிட்டால் ‘மறந்தே போச்சு’.

எல்லாம் என்னைக் குறிவைத்த வார்த்தைகள். அத்தியாயத்தைத் தொடங்கிப் பாதியில் போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுகிற ஆள் நான்தான். அவர் ஒன்றை முடித்துவிட்டுத்தான் மற்றொன்று. அவரை ஏமாற்ற நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கோப்பைத் திறந்து ஓர் இடைவெளியைப் போட்டு, அதை அழித்து, சேமித்துவிடுவேன். ‘இப்பதான்’ என்று வந்துவிடும். இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டார். “எஜமானி, இடைவெளி வியாபாரம் நல்லாப் போகுது போல,” என்றார். “உன் ஃபைல், நீ என்ன வேணா பண்ணு. ஆனா பக்கவரிசையைப் பொய் சொல்ல வைக்காதே. அது ஒண்ணுதான் இந்த வீட்டில உண்மை பேசுது.”

ஒரு நாள் பல் வைத்தியரிடம் போவதற்காகக் காலையில் சீக்கிரம் எழுந்தவர், கிளம்புவதற்கு முன் சிறிது நேரம் ‘கதவு’ அத்தியாயத்தை எழுதினார். “வந்து முடிக்கிறேன். இன்னைக்கு நீதான் முட்டாள், எங்கயும் போயிடாத,” என்றார். அங்கே தன் முறைக்காகக் காத்திருந்த நாற்காலியிலேயே இதயம் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்மணி தூங்குகிறார் என்று நினைத்து அவர் கையிலிருந்து நழுவிய பத்திரிகையை எடுத்து மடியில் வைத்தாராம். பெயரைக் கூப்பிட்டபோதுதான் தெரிந்திருக்கிறது.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், நான் எடிட்டரைத் திறந்தபோது ‘கதவு’க்குப் பக்கத்தில் ‘பாத்துக்கலாம்’ என்று இருந்தது. அவரே பக்கத்தில் நின்று சொல்வது போல இருந்தது. அன்று முதல் எழுதுவதற்காகத் திறந்தேனோ அதைப் பார்ப்பதற்காகத் திறந்தேனோ, தெரியாது. அது ‘கொஞ்ச நாளாச்சு’ என்று மாறியபோது சோப்புப் பொடி வாங்கக் கிளம்பி, கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தம் வரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். ‘என்னதான் ஆச்சு?’ என்று மாறியபோது அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அடுத்து வரப்போவது எது என்று எனக்குத் தெரியும். வருகிற வியாழக்கிழமை, அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய நேரம் தாண்டினால், அவருடைய கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் ‘மறந்தே போச்சு’ என்று விழும். அவரே எழுதி வைத்த வார்த்தை. அதைத் தடுக்க வேண்டுமானால் கோப்பைச் சேமிக்க வேண்டும். சேமித்தால் அந்தக் காலைநேரம் போய்விடும், என் நேரம் ஏறிவிடும். எழுத்து அங்கேயேதான் இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் கை வைத்த நேரம் என்று இந்த வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

இதற்கிடையில் ‘அவசரம்’ கூப்பிட்டாள். நிறுவனத்தில் எங்களுக்கு வேலை அனுப்புகிற பெண். அவள் அனுப்பும் எல்லா மின்னஞ்சலுக்கும் தலைப்பு அதுதான் என்பதால் அவர் வைத்த பெயர்.

“மேடம், சாப்பிட்டீங்களா? கேக்கவே சங்கடமா இருக்கு. மத்ததெல்லாம் வந்துடுச்சு, அந்தக் கதவு மட்டும்...”

“தரேன்மா.”

“வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். உங்களால முடியலன்னா ஒண்ணும் தப்பில்ல. ஒரே ஒரு பக்கம்தானே, இங்க வேற யாரையாவது வச்சு எழுதிக்கட்டுமா?”

“வேண்டாம்,” என்றேன். அவள் பயந்துபோய், “சரி மேடம், சரி மேடம்,” என்று இரண்டு முறை சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னவனை வரச் சொன்னேன். அவருடைய தம்பி. நாற்பது வயதாகிறது, தலை பாதி நரைத்துவிட்டது, ஆனாலும் குடும்பத்தில் எல்லோருக்கும் அவன் சின்னவன்தான். ஓர் ஆஸ்பத்திரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குழாயில் தடுக்கிக்கொண்டே உள்ளே வந்தான். எனக்காக வாங்கி வந்த திராட்சையை அவனே தின்றுகொண்டு, நான் சொன்னதையெல்லாம் கேட்டான்.

“இதுக்கா அண்ணி மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? வார்த்தையை மாத்திட்டாப் போச்சு. ‘மறந்தே போச்சு’வை எடுத்துட்டு ‘ரொம்ப நாளாச்சு’ன்னு போடுவோம்.”

“அது மட்டும் கேக்க நல்லாவா இருக்கு?”

“அப்ப பழையபடி நம்பரே வரட்டும்.”

நான் தேநீர் போட்டு எடுத்து வருவதற்குள் எதையோ தட்டி எண்களைக் கொண்டுவந்துவிட்டான். ‘கதவு’க்குப் பக்கத்தில் எத்தனை நாள் என்று வெறும் எண்ணாக நின்றது. கோப்பையை வைக்கக்கூட இல்லை நான்.

“எடு. முதல்ல அதை எடு.”

“சரி சரி, எடுத்துட்டேன்.” மீசையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். “அண்ணி, இந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் கடிகாரத்தை நிறுத்தி வச்சிடலாம். என்ன ஆனாலும் ஒரே வார்த்தைதான் காட்டும். எது வேணும் சொல்லுங்க.”

யோசிக்காமல் சொன்னேன். “நேத்து.”

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை அவர் நேற்று எழுதியிருந்தார். செவ்வாய்க்கிழமையும் நேற்றுதான் எழுதியிருந்தார். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் நாள் ஒரு தேநீர் குடிக்கிற நேரம் இருந்ததும் உண்மை. அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை. துவைத்த துணிகளை மடித்து அடுக்கி, கலைத்து, மறுபடி மடித்தேன். செவ்வாய்க்கிழமை காலையில், மூடாமலே வைத்திருந்த எடிட்டரில் ‘நேத்து’ என்பதைப் பார்த்துவிட்டு, குளியலறைப் பக்கம் திரும்பி, “இன்னைக்கு யாரு முட்டாள்?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். கேட்டதோடு நிற்கவில்லை, பதிலுக்காகக் காத்தும் இருந்தேன். எனக்கே பயமாகிவிட்டது.

சின்னவனைக் கூப்பிட்டேன். “நீ போட்டதை எடுத்துடணும். எப்படி எடுக்கறது?”

“என்ன ஆச்சு அண்ணி?”

“பொய் சொல்லுது.”

“நீங்கதானே சொல்லச் சொன்னீங்க?”

“உங்க அண்ணன் கேட்டா என்ன சொல்வாரு?”

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி அழைப்பொலிகளை விட்டு அவன் விலகி நடப்பது கேட்டது. “எடிட்டரை மூடிட்டுத் திறங்க, போதும். தானா போயிடும்,” என்றான். “நான் சேவ் பண்ணவே இல்ல. சும்மா ஓட்டித்தான் காட்டினேன். அண்ணன் எழுதின ஃபைல்ல கை வைக்க எனக்கும் மனசு வரல.”

மூடிவிட்டுத் திறந்தேன். ‘என்னதான் ஆச்சு?’ திரும்பி வந்திருந்தது.

“வியாழக்கிழமை காலைல லீவு போட முடியுமா?” என்று கேட்டேன்.

“எதுக்கு?”

“ஒரு முட்டாள் வேணும்.”

“அதுக்கு லீவு எதுக்கு அண்ணி, நான் எப்பவும் அப்படித்தானே,” என்றான்.

வியாழக்கிழமை விடிந்ததும் வந்துவிட்டான். முதல்முறையாகக் குழாயைத் தாண்டி வந்தான். இரண்டு பழைய போர்வைகளை உள்ளே போட்டு இயந்திரத்தை ஓட விட்டோம். தண்ணீர் ஏறி, உருளை இரண்டு சுற்றுச் சுற்றியதும் நான் மின்செருகியைப் பிடுங்கினேன். இயந்திரம் பெருமூச்சு போல ஒரு சத்தம் விட்டு நின்றது. கதவு பூட்டிக்கொண்டுவிட்டது. இப்படி ஆகும்போது என்ன செய்வது என்றுதான் அந்த அத்தியாயம் சொல்ல வேண்டும்.

விதிகளைச் சொன்னேன். நான் படிப்பதைத்தான் செய்ய வேண்டும். தெரிந்ததைச் செய்யக் கூடாது.

“கம்ப்யூட்டர்காரன்கிட்ட போய் தெரிஞ்சதைச் செய்யாதேன்னா?”

“பேசாம நில்லு.”

எடிட்டரில் ‘கத’ என்று தட்டினேன். பட்டியல் விரிந்தது. பக்கவரிசையில் இன்னும் ‘என்னதான் ஆச்சு?’ தான். திறந்தேன். அந்தக் காலைக்குப் பிறகு அதை நான் திறப்பது அதுவே முதல் முறை. மேலே மூன்று பத்தி, அவருடைய வழக்கமான குட்டிக் குட்டி வாக்கியங்கள். கடைசி வரி பாதியில் நின்றது. நான் ஒவ்வொன்றாகப் படிக்க, சின்னவன் ஒவ்வொன்றாகச் செய்தான். செருகியைச் சரிபார்த்தான். பொத்தான் எதையும் தொடாமல் இரண்டு நிமிடம் காத்திருந்தான், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிற்கிறவன் மாதிரி. கடைசி வரிக்கு வந்தேன்.

“கதவு திறக்கவில்லை என்றால் பலமாக இழுக்காதீர்கள்.”

“இழுக்கல.”

“முதலில் உள்ளே.”

அவன் குனிந்து கண்ணாடியில் முகத்தை வைத்தான். “உள்ளே?”

“அவ்வளவுதான் இருக்கு.”

“உள்ளே என்ன அண்ணி?”

“தெரியல. அதுக்கு மேல எழுதல.”

“அப்ப நான் இப்படியேவா நிக்கணும்?”

“அடுத்தது படிக்கிற வரைக்கும் நிக்கணும்.”

நின்றான். எனக்கு அடுத்தது வரவில்லை. அந்த ‘உள்ளே’வுக்குப் பிறகு அவர் என்ன வைத்திருப்பார் என்றுதான் என் மூளை சுற்றிக்கொண்டிருந்தது. எதை வைத்தாலும் அது அவருடையது இல்லை. விரல்கள் விசைகளின் மேல் இருந்தன. எழுந்து போய்ச் சமையலறைக் குழாயை மூடிவிட்டு வரலாமா என்று தோன்றியது. சின்னவனின் மூச்சு கண்ணாடியில் படிந்து படிந்து மறைந்தது. முதுகு வலித்திருக்க வேண்டும். ஒரு கையை முட்டியில் ஊன்றிக்கொண்டான். ஆனால் முகத்தை எடுக்கவில்லை. அவனுடைய அண்ணன் சிவப்புப் பொத்தானில் விரல் வைத்துக்கொண்டு நின்ற மாதிரியேதான்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான். “தண்ணி நிக்குது அண்ணி. பாதி கண்ணாடிக்கு மேல. தொறந்தா வீடெல்லாம் குளம்தான்.”

எழுதினேன். ‘முதலில் உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்று கண்ணாடி வழியாகப் பாருங்கள். தண்ணீர் நின்றால் கதவு தானாகத் திறக்காது. அதை வடிய விடுங்கள்.’

அடுத்தடுத்த வரிகள் தடையில்லாமல் வந்தன. அடியில் இருக்கிற சிறிய மூடியைத் திறக்கச் சொன்னேன், திறந்தான். உள்ளே இருக்கிற குட்டிக் குழாயை வெளியே இழுக்கச் சொன்னேன், இழுத்தான். அதன் அடைப்பைக் கழற்றச் சொன்னேன், அதையும் கழற்றினான். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து அவன் காலுறையை நனைத்து, தரையில் பரவி, புத்தக அலமாரியை நோக்கிக் கிளம்பியது.

“தட்டு வைக்கச் சொல்லவே இல்லையே நீங்க!” என்று கத்தினான். கத்தினானே தவிர அசையவில்லை. விதி விதிதான்.

“அடைச்சுத் தொலை!”

“அது படிக்கிறதா, திட்டறதா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். இருவரும் தரையில் மண்டியிட்டுக் கையில் கிடைத்த துணிகளையெல்லாம் போட்டு ஒற்றினோம். பிறகு எழுந்து வந்து, அடைப்பைக் கழற்றச் சொல்லும் வரிக்கு முன்னால், ‘ஒரு தாழ்வான தட்டைக் கீழே வையுங்கள்’ என்று சேர்த்தேன். தட்டு வைத்து வடித்தோம். தண்ணீர் முழுதாகப் போனதும் உள்ளே சின்னதாக ஒரு சொடுக்கு கேட்டது. அவன் இழுக்காமலே கதவு தளர்ந்து வந்தது. அதையும் எழுதினேன்.

சேமித்தேன்.

‘கத’ என்று தட்டிப் பார்த்தேன். கதவு. இப்பதான்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர் கிளம்பிய நேரம் தாண்டியிருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ‘அவசரத்’துக்கு அத்தியாயத்தை அனுப்பினேன். ‘கடைசி’ என்று தலைப்பிட்டேன், பிறகு அதை அழித்துவிட்டு ‘கதவு’ என்று போட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த ‘மறந்தே போச்சு’ மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று இல்லாவிட்டால் இன்னொரு நாள், வேறொரு கோப்பில் வந்து நிற்கத்தானே போகிறது. அதை எடுத்தே விடுவது என்று முடிவு செய்தேன். அந்த வார்த்தைகளையெல்லாம் அவர் எழுதி வைத்த கோப்பு கையேடுகளோடு இல்லை, வேறு இடத்தில் இருந்தது. நான் ஒருபோதும் அதைத் திறந்ததில்லை. பெயர் மட்டும் தெரியும். அந்த இடத்துக்குப் போய் ‘பக்’ என்று தட்டினேன்.

பட்டியல் விரிந்தது. ஒரே ஒரு பெயர்தான்.

பக்கவரிசை. அதற்கு நேரே, சாம்பல் நிறத்தில்: மறந்தே போச்சு.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதி முடித்த நாளுக்குப் பிறகு அவரே அதைத் தொடவில்லை. வருடங்கள் ஆகிவிட்டன. தொட வேண்டிய தேவை இருக்கவில்லை. நான் இரண்டு எழுத்தைத் தட்டிய ஒவ்வொரு முறையும், இந்த மூன்று மாதமும், இந்த நிமிடமும், ஓடிக்கொண்டிருந்தது அந்தக் கோப்புதான். தன்னைப் பற்றிக்கூட அது பொய் சொல்லவில்லை.

சின்னவன் ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டே எட்டிப் பார்த்தான். “என்ன அண்ணி, திறக்கலையா?”

“வேண்டாம்,” என்று பட்டியலை மூடினேன். “ஓடிக்கிட்டுத்தானே இருக்கு.”

“அப்ப நான் கிளம்பட்டுமா?”

“எங்க கிளம்பற? வடிகட்டி அத்தியாயத்துலயும் தட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. போய் இயந்திரத்துக்கு முன்னாடி நில்லு.”

“இன்னைக்கு முழுக்க நானேதானா முட்டாள்?”

“நாளைக்கு நான்,” என்று சொல்லிவிட்டு ‘வடி’ என்று தட்டினேன்.